ஒரே எடையில் இரண்டு பேர் தேவை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அமிர்தி காட்டுக்குப் போகிற ரோட்டில் என் சைக்கிள் கும்பிடு போட்டது.

பதற வேண்டாம், நான் விழவில்லை. ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. சைக்கிளின் முன்பக்கம் குனிந்தது. குனிந்தது நிமிரவே இல்லை. பள்ளம் முடிந்து, மேடு வந்து, அதுவும் போய்… அப்புறம்தான் ‘க்ரீச்’ என்ற சத்தத்தோடு மெதுவாக எழுந்தது. மூட்டுவலிக்காரர் பஸ் சீட்டிலிருந்து எழுந்திருப்பாரே, அப்படி.

சைக்கிளில் எங்கே குனிவதும் நிமிர்வதும் என்று கேட்பீர்கள். என்னுடையது மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இரண்டு கால்கள் நிற்கும். அதற்கு ஃபோர்க் என்று பெயர். பைக்கில் இருக்கிற ஷாக் அப்சார்பருக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஸ்பிரிங்குக்குப் பதிலாக உள்ளே அடைத்த காற்று, வழுக்கிக்கொண்டு போகக் கொஞ்சம் ஆயில். கல்லிலும் குழியிலும் ஏறி இறங்கும்போது நம் மணிக்கட்டு வாங்க வேண்டிய அடியை அது வாங்கிக்கொள்ளும்.

நாற்பத்தாறு வயது கணக்கு டீச்சருக்கு மலை சைக்கிள் எதற்கு? இதை எங்கள் பாகாயம் தெரு முழுக்கக் கேட்டாகிவிட்டது. “இன்னா டீச்சர், பெட்ரோல் ஜாஸ்தியாயிடுச்சா?” என்று பால் பூத்காரர் இன்னமும் கேட்கிறார். தோழியின் மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன சைக்கிள் அது. சும்மா ஒரு ரவுண்டு ஏறிப் பார்த்தேன்… இறங்க மனசு வரவில்லை. அவ்வளவுதான் கதை.

வீட்டுக்கு வந்து, ஃபோர்க்கை சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

என் கணவர் சேகர் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். தோல் வெட்டுகிற பிரஸ் மெஷின்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஆயிலும், அது கசியாமல் தடுக்கிற சீல் என்ற ரப்பர் வளையமும் இருக்கிற எதையும் வெளியே கொடுத்து ரிப்பேர் பார்ப்பது அவருக்கு மானப் பிரச்சினை.

“இது இன்னா ராக்கெட்டா? ரெண்டு ஆயில் சீலு, கொஞ்சம் ஆயிலு. நானும் பாயும் ஒக்காந்தா ஒரு காலையில முடிஞ்சிடும்.”

பாய் என்றால் அனீஸ் பாய். அதே ஃபேக்டரியில், தைத்த ஷூவுக்குப் பாலிஷ் போட்டு அனுப்புகிற ஃபினிஷிங் செக்ஷனைப் பார்த்துக்கொள்கிறவர். இரண்டு பேரும் கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட், கேன்டீனில் ஒரே டேபிள். சேகருடைய டப்பாவோடு பாய்க்கென்று இன்னொரு சின்ன டப்பாவும் தினமும் கட்டுவேன். என் வத்தக்குழம்பின் ஒரே ரசிகர் அவர்தான். இருபது வருஷ தோஸ்த்துகள்.

அடுத்த ஞாயிறு, இட்லி முடிந்த கையோடு போர்ட்டிகோவில் என் பழைய புடவையை விரித்தார்கள். ஆன்லைனில் வாங்கிய சீல், ஃபோர்க்குக்கு என்றே வருகிற ஆயில், மீட்டர் வைத்த குட்டி பம்ப்… பாய் எல்லாம் கொண்டுவந்திருந்தார். சேகர் ஃபேக்டரியிலிருந்து ரப்பர் சுத்தியல் கொண்டுவந்திருந்தார். கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கிறவர்கள் முகத்தில் இருக்கும் அந்தக் களை இரண்டு பேரிடமும் இருந்தது.

முதலில் ஃபோர்க்கிலிருந்து காற்றை இறக்க வேண்டும். சேகர் ஸ்க்ரூடிரைவர் நுனியால் வால்வை ஒரே அமுக்காக அமுக்கினார். ‘புஸ்ஸ்…’ காற்று மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே போனது. எல்லா வம்புக்கும் அந்தப் ‘புஸ்’தான் காரணம். அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

மற்றதெல்லாம், சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே செய்தார்கள். அடியிலிருந்த போல்ட்டுகளைத் தளர்த்தி சுத்தியலால் ஒரு தட்டு. கீழ்க்கால்கள் இரண்டும் கழன்று கையில் வந்தன. உள்ளேயிருந்து தார் மாதிரி கறுப்பாக ஏதோ வழிந்தது. ஆயிலாம். சீலுக்குக் கீழே ஒரு பஞ்சு வளையம் இருக்கிறது. அதில் அமிர்தி காட்டின் மண் பாதி இருந்தது. ‘க்ரீச்’சுக்குக் காரணம் அதுதான். துடைத்தார்கள், புது சீல் வைத்தார்கள், பஞ்சை ஆயிலில் ஊறவைத்தார்கள். என் இருமல் மருந்து மூடியில் ஆயிலை அளந்து ஊற்றினார்கள்.

ஊற்றும்போது லேசான உரசல்.

“போதும் பாய்.”

“இன்னும் கொஞ்சம் வேணும் சேகரு. வீடியோல அப்டித்தான் ஊத்துனான்.”

“ஜாஸ்தி ஆவும்.”

“கம்மியானா தேஞ்சிடும்.”

பாய் ஊற்றினார். மாட்டினார்கள். காற்றடித்தார்கள். ஃபோர்க் வெடித்துவிடுமோ என்ற பயத்தில் சேகர் பாதி மீட்டரிலேயே போதும் என்று நிறுத்தினார். சைக்கிளை நிமிர்த்தி வைத்தார்கள்.

சைக்கிள் மறுபடியும் கும்பிட்டது. இந்த முறை குனிந்தபடியே நின்றுவிட்டது. ஹேண்டில்பாரைப் பிடித்து மேலே இழுத்தால் கொஞ்சம் வருகிறது. விட்டால் உள்ளேயிருந்து யாரோ காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி திரும்பப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டு பேரும் மாறி மாறி இழுத்துப் பார்த்தார்கள். அப்புறம் சேகர் ஆரம்பித்தார்.

“அப்பவே சொன்னேன், ஆயிலு ஜாஸ்தின்னு.”

“ஆயிலு மேல பழி போடாத. நீ சீலைத் தலைகீழா போட்டிருப்ப.”

“நானா? டெய்லி சீல் மாத்தறவன் நான். ஷூவுக்கு பாலிஷ் போடற வேலை இல்ல இது.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அனீஸ் பாய் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“சரிங்க சேகர். நீங்களே பாத்துக்குங்க.”

“பாத்துக்கறேங்க.”

இருபது வருஷமாக ‘நீ’, ‘வா’, ‘போ’ என்று பேசிக்கொண்டவர்கள் ‘நீங்க’வுக்கு மாறியபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. மரியாதை கூடினால் ஆபத்து.

“பாய், டீ போட்டுட்டேன்…” என்றேன்.

“வேணாம் தங்கச்சி. இன்னொரு நாளைக்கு.”

இன்னொரு நாள் வரவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் தனித்தனி சீட் என்று கேள்விப்பட்டேன். நான் கட்டிக்கொடுத்த சின்ன டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. செவ்வாயும் அப்படியே. “பாய் வரலையா?” என்று கேட்டேன். “வந்தாரு” என்று சொல்லிவிட்டு சேகர் டப்பாவை சிங்க்கில் வைத்தார். அதைக் கழுவும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஒரு சைக்கிளுக்காகவா?

வருத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தோஸ்த்தோடு பேசாத ஆண்பிள்ளைக்குச் சாயங்காலத்தில் நேரம் மிஞ்சுகிறது. அந்த நேரத்தை அவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்?

என் கிரைண்டரில் கொட்டினார்.

“சத்தம் வருது. கழட்டிப் பாக்கறேன்.”

“சத்தம் வந்தாதாங்க கிரைண்டர்.”

கேட்கவில்லை. புதன்கிழமை கிரைண்டர் நான்கு துண்டாக ஹாலில் கிடந்தபோது, அனீஸ் பாயின் மனைவி ஷபானா போன் செய்தாள்.

“அக்கா, ஒரே பேஜாரா இருக்கு. இவரு மிக்ஸியைக் கழட்டிட்டாரு.”

“ரிப்பேரா?”

“இல்லக்கா, நல்லாதான் ஓடிச்சு. அதான் பயமா இருக்கு. இப்ப ஃபிரிட்ஜையே பாத்துக்கிட்டு நிக்கறாரு.”

இனி பொறுக்க முடியாது. இரண்டு குடும்பங்களின் சமையலறை அல்லவா?

வியாழக்கிழமை காலை கம்பெனி பஸ் சேகரை ஏற்றிக்கொண்டு போனதும் போனை வைத்துக்கொண்டு சைக்கிள் முன்னால் உட்கார்ந்தேன். ஸ்கூலுக்குப் போக நேரமிருந்தது. கொஞ்சம் தேடியதில் விஷயம் பிடிபட்டது. இந்த ஃபோர்க்கின் ஒரு காலுக்குள் ஒன்றல்ல, இரண்டு காற்றறைகள். மேலே இருப்பது தூக்கிவிடும். கீழே இருப்பது கீழ்நோக்கி இழுக்கும். இரண்டிலும் காற்று சமமாக இருந்தால்தான் ஃபோர்க் ஒழுங்காக நிற்கும். காற்றைச் சட்டென்று இறக்கினால் மேலறை காலியாகிவிடும். கீழறைக் காற்றுக்கு வெளியேற நேரம் கிடைக்காது. அது உள்ளேயே அடைபட்டு இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் ‘புஸ்’ செய்த வேலை!

ஆயிலும் தப்பில்லை. சீலும் தப்பில்லை. இரண்டு பேரும் சரியாகச் செய்த வேலைக்காகத்தான் இரண்டு பேரும் சண்டை போட்டிருக்கிறார்கள்.

பாய் விட்டுப்போன பம்பை மாட்டி, ஃபோர்க்கில் எழுதியிருக்கிற அளவு மீட்டரில் வரும்வரை தைரியமாக அடித்தேன். ஃபோர்க் எழுந்தது. அப்புறம் ஹேண்டில்பாரை மெதுவாகக் கொஞ்சம் அமுக்கிப் பிடித்தேன். உள்ளே மேலறைக் காற்று கீழறைக்குப் போகிற ‘ஸ்ஸ்’ சத்தம், குழந்தை மூச்சு மாதிரி. மறுபடி காற்று, மறுபடி அமுக்கு. சரியாகிவிட்டது. நம்பிக்கை வராமல் பால் பூத் வரை ஒரு ரவுண்டு போய் வந்தேன். ஸ்பீட் பிரேக்கரில் வேண்டுமென்றே ஏற்றினேன். வெண்ணெய் மாதிரி இறங்கி ஏறியது.

வாசலில் சைக்கிளை நிறுத்தியபோதுதான் தோன்றியது. இதை இப்படியே சேகரிடம் காட்டினால் என்ன ஆகும்? “பாத்தியா, ஜாஸ்தி ஊத்துன ஆயிலு வடிஞ்சிடுச்சு” என்பார் சேகர் ஒரு பக்கம். “தலைகீழா போட்ட சீலு தானா செட்டாயிடுச்சு” என்பார் பாய் இன்னொரு பக்கம். சண்டை அப்படியேதான் இருக்கும். கிரைண்டரும் துண்டாகவே கிடக்கும்.

என்ன செய்தேன் தெரியுமா?

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். வால்வில் வைத்தேன். ‘புஸ்ஸ்…’

சைக்கிள் பழையபடி கும்பிட்டது. நான் கை கழுவிவிட்டு ஸ்கூலுக்குப் போனேன். இன்டர்வெலில் ஷபானாவுக்குப் போன் போட்டு, செய்ய வேண்டியதைச் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தேன்.

“ஏங்க, அந்த ஃபோர்க்குக்கு வழி இருக்காம். ஃபுல்லா காத்தடிச்சிட்டு, ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு புடிச்சு மெதுவா அமுக்கணுமாம். ஆனா ரெண்டு பேரும் ஒரே வெயிட்டா இருக்கணுமாம். இல்லன்னா ஒரு பக்கம் கோணிக்குமாம்.”

நான் தனியாகவே அமுக்கினேன். எதுவும் கோணவில்லை. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்.

“நீயும் நானும் புடிச்சா?”

“என் வெயிட்டு இன்னா, உங்க வெயிட்டு இன்னா?”

“பக்கத்து வீட்டு பேங்க்காரரு?”

“அவரு காத்தடிச்சாலே பறந்துடுவாரு.”

“மாடி வீட்டு சாரு?”

“ஃபோர்க்கு தாங்குமா?”

சேகர் யோசித்தார். நான் பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பாய் என் வெயிட்டுதான் இருப்பாரு…” என்றார், தனக்குத்தானே.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் ஷபானா வாசலில் நின்றாள். என்னிடம் எப்போதோ வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தாளாம். பாத்திரம் அவளுடையது, நான் அதை அதற்கு முன் பார்த்ததே இல்லை. பின்னால் ஸ்கூட்டரிலிருந்து இறங்காமல் அனீஸ் பாய்.

“உள்ள வாங்க பாய்” என்றேன்.

“இருக்கட்டும் தங்கச்சி. சும்மா இவளை விட வந்தேன்.”

சேகர் போர்ட்டிகோவுக்கு வந்தார். தரையைப் பார்த்துச் சொன்னார்.

“ஒரு அஞ்சு நிமிஷம் வேலை இருக்குங்க. ஒரே வெயிட்டுல ரெண்டு ஆளு வேணுமாம்.”

“நான் இளைச்சிட்டேங்க.”

“தெரியலையே.”

பாய் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டார்.

நான் பம்ப் அடித்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மெதுவாக அமுக்கினார்கள். ‘ஸ்ஸ்…’ இரண்டு பேரும் ஒரே சமயத்தில் காதைக் கிட்டே கொண்டுபோனார்கள். தலை இடித்துக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை. ஷபானா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுபடி காற்று. மறுபடி அமுக்கு. கையை எடுத்தார்கள். ஃபோர்க் நிமிர்ந்து நின்றது. பாய் ஒருமுறை அழுத்தினார், இறங்கிற்று, ஏறிற்று. சேகர் ஒருமுறை. காற்றறை விஷயத்தை நான் அப்போதுதான் படித்தது போலச் சொன்னேன்.

சேகர் ஃபோர்க்கை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

“அப்ப ஆயிலு கரெக்டாதான் ஊத்தியிருக்க” என்றார் சேகர்.

‘ஊத்தியிருக்க.’ எனக்குக் காதில் தேன் பாய்ந்தது.

“சீலுல ஒரு சொட்டு வெளிய வரலியே” என்றார் பாய். “வேலைன்னா இது வேலை. இன்னா சேகரு, கிரைண்டரைக் கழட்டிட்டியாமே? மாட்ட வரலியா?”

“வாயேன் உள்ள. ஒரு வாஷர் எங்க போவுதுன்னு தெரியல.”

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அன்றே கிரைண்டர் ஒன்றானது. மறுநாள் ஷபானாவின் மிக்ஸி. திங்கட்கிழமை சின்ன டப்பா காலியாகத் திரும்பி வந்தது, கழுவிய மாதிரி.

போன ஞாயிறு அமிர்திக்குப் போய் வந்தேன். அதே பள்ளம். சைக்கிள் குனிந்தது, உடனே நிமிர்ந்தது. திரும்பி வந்ததும் சேகர் துணியை எடுத்து ஃபோர்க்கின் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

“அந்த வியாழக்கிழமையே நல்லாதான ஓடிச்சு?” என்றார், துடைப்பதை நிறுத்தாமல்.

எனக்குப் புரையேறியது.

“டிரைவரு டீசல் போடணும்னு பஸ்ஸைத் திருப்பி இந்தப் பக்கமாவே வந்தாரு. நீ பால் பூத்துகிட்ட ஸ்பீட் பிரேக்கருல ஏத்தி எறக்கிக்கிட்டு இருந்த.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீ அவ்ளோ கஷ்டப்பட்டு பீன்ஸு நறுக்கிக்கிட்டே பொய் சொன்ன. நடுவுல கெடுக்க வேணாம்னு பாத்தேன்.”

கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆனால் இதுதான் தொல்லை… நாம் சொல்கிற பொய்யைக்கூட நிம்மதியாக நம்ப மாட்டேன் என்கிறார்கள், சரியான நேரத்தில் ஒத்துழைத்துவிடுகிறார்கள்.