கேசட்டில் கிடைத்த வரவேற்புரை

"அடிப்படை இலக்கணம் முடிஞ்சுது, பாதிக் கிணறு தாண்டியாச்சு" என்றார் எங்கள் ஜப்பானிய மொழி வாத்தியார். பாதிக் கிணறு தாண்டினவள் எங்கே விழுவாள் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாதா?

1991. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். ஜப்பானிலிருந்து பொறியாளர் வரப்போகிறார், சரியாகப் பேசினால் மொழிபெயர்ப்பாளர் வேலை உனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஞாயிறுதோறும் மணிமங்கலத்திலிருந்து பஸ் பிடித்துச் சென்னை போய்ப் படித்ததே அதற்காகத்தான்.

"இனிமே நிறைய கேளுங்க, நிறைய பேசுங்க" என்று வாத்தியார் வகுப்பை முடித்துக் கையைக் கழுவிவிட்டார். யாரோடு பேச? ஏரிக்கரை எருமையோடா?

முன்பு தொழிற்சாலைக்கு வந்துபோன ஜப்பான்காரர் ஒருவர் விட்டுப்போன கேசட் கிடைத்தது. மேலே எழுதியிருந்ததெல்லாம் வகுப்பில் தொடாத சித்திர எழுத்து; ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. உள்ளே குட்டிக் குட்டி மேடைப்பேச்சுகள். எல்லாம் அசுர வேகம். ஒன்று மட்டும் நிதானமாக, ரொம்ப மரியாதையாக இருந்தது. ஆரம்பத்தில் 'இம்முறை' என்ற சொல் மட்டும் புரிந்தது. இம்முறை வந்ததற்கு நன்றி என்றுதானே வரவேற்பார்கள்? பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி, அர்த்தம் பார்க்காமல் உருப்போட்டேன்.

"ஏண்டி, எழவு வூட்டுல பேசற மாதிரி இன்னாத்துக்கு இழுத்துகினு கீற?" என்றாள் அம்மா.

"உனக்கு ஜப்பான் பாஷை தெரியுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

பொறியாளர் வந்தார். மாலை போட்டார்கள். நான் குனிந்து வணங்கி, பிசிறில்லாமல் ஒப்பித்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. படபடவென்று ஏதோ கேட்டார். ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்கு 'ஆமாம்' என்று சொல்லிவைத்தேன். கழுத்தில் மாலையோடு அவர் மேனேஜர் அறைக்கு ஓடினார்.

உடைந்த ஆங்கிலத்தில் விஷயம் வெளியே வந்தது. நான் பேசியது துக்கம் விசாரிக்கும் பேச்சு. அவர் தன் அம்மாவை உடம்பு சரியில்லாமல் விட்டுவிட்டு வந்திருந்தார். தான் வழியில் இருந்தபோது தகவல் வந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் என்னை நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

ஜப்பானுக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு லைனுக்காகக் காத்திருந்தோம். அவர் உட்காரவே இல்லை.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க? ஸ்டோர்ஸ விட்டு இனிமே வெளிய வராத!" என்று மேனேஜர் கத்தினார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. கேசட் மேல் இருந்ததைப் படித்துச் சொல்ல அந்த வட்டாரத்தில் ஓர் ஆள் உண்டா? யாரைப் போய்க் கேட்டிருப்பேன்?

லைன் கிடைத்தது. "அம்மா!" என்று தன் பாஷையில் அலறினார். எதிர்முனையில் ஒரு கிழவியின் குரல், ரிசீவரைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"என்னவாம்? அவங்கம்மா என்ன சொல்றாங்க?" என்று மேனேஜர் பதறினார்.

"சாப்டியான்னு கேக்கறாங்க, சார்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தோடு என் மொழிபெயர்ப்பு வேலை முடிந்தது.