மூன்று வருஷக் குடியிருப்பு

எங்கள் கவுன்டரில் வியாதி என்ன என்று கேட்பதில்லை, விலாசம் என்ன என்றுதான் கேட்போம். டில்லியில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சைத் திட்டத்துக்கு மனு வாங்கும் ஒப்பந்த ஊழியை நான். இந்தியக் குடியுரிமை வேண்டும். டில்லியில் மூன்று வருஷம் குடியிருந்த அத்தாட்சி வேண்டும். ஜெராக்ஸ் கட்டோடு வரிசையில் நின்று வியர்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை.

வீடு இல்லாத விலாசம்

செல்வி விழுப்புரத்துக்காரி. லக்ஷ்மிபாய் நகரில் நாலு வீட்டில் சமையல் வேலை. கணவருக்கு இருதய ஆபரேஷன். இருபது வருஷம் இருந்த குடிசையை அப்போதுதான் இடித்திருந்தார்கள். விலாசத்தைச் சரிபார்க்கப் போன ஊழியர் காலி இடத்தைப் பார்த்துவிட்டு, 'இந்த விலாசத்தில் யாரும் இல்லை' என்று எழுதிவிட்டார்.

பழைய கரன்ட் பில்களை இணைத்து மனுவை மறுபடி அனுப்பினேன். தினமும் வருவாள், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். பதினோராம் நாள் அனுமதி வந்தது. அந்த ஊழியரின் குறிப்பை அன்றைக்குத்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"நாங்க எங்கயும் போகல மேடம், வீடுதான் போயிடுச்சு."

சொந்த நாடு

மேரியிடம் பத்து வருஷ வாடகைப் பத்திரம் இருந்தது. சிறுநீரகக் கோளாறு. குடியுரிமைக் கட்டத்துக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. பெற்றோர் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். இவள் பிறந்தது ராமநாதபுரம் பக்கம் அகதி முகாமில். இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லை.

அதிகாரியிடம் இரண்டு தடவை போய்க் கெஞ்சினேன். முடியாது என்றுவிட்டார். டயாலிசிஸுக்கு யாரோ சர்ச்காரர்கள் ஏற்பாடு செய்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் அன்றைக்கு, 'சொந்த நாட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்' என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழவில்லை.

"அந்த ஊரை நான் போட்டோலதான் பார்த்திருக்கேன் அக்கா."

கவுன்டருக்கு அந்தப் பக்கம்

அப்பா நாகர்கோவிலிலிருந்து மயூர் விஹாருக்கு, என்னோடு இருக்க வந்து ஆறே மாதம். ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை எங்கள் ஆஸ்பத்திரியில் செல்லாது. என் ஒப்பந்த வேலையில் பெற்றோருக்குச் சலுகை கிடையாது.

எல்லாம் தெரிந்தும் மனு எழுதி, பக்கத்துக் கவுன்டர் ஷர்மாஜியிடம் நீட்டினேன். அப்பா பிற்பாடு வேறு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துத் தேறிவிட்டார். ஷர்மாஜியின் பதில் மட்டும் இன்னும் காதில் ஒலிக்கிறது. நான் தினமும் பேசுகிற அதே குரலில் சொன்னார்:

"ரூல் உங்களுக்கே தெரியுமே மேடம்!"

ரூல் மாறவில்லை, நானும் வேலையை விடவில்லை. 'கிடைக்காது' என்று சொல்லும்போது மட்டும் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறேன்.