ஒவ்வொரு சாமியாக

தம்பிக்கு வலிப்பு வரத் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது இருக்கும். அவன் என்னைவிட நான்கு வயது இளையவன். திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையின் மாடியில், இரண்டே அறைகள் கொண்ட வாடகை வீட்டில் இருந்தோம். கீழே மூட்டை பிரிக்கும்போதெல்லாம் மிளகாய் நெடி மாடிப்படி ஏறி வரும். அதனால்தான் வலிப்பு வருகிறது என்று அம்மா கொஞ்ச நாள் நம்பினாள். டாக்டர் இல்லையென்று சொன்னபோது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. வீட்டை மாற்றினால் தீர்ந்துவிடுகிற நோய் எவ்வளவு நல்ல நோய்!

அப்பாவுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்டிரேட்டராக இருந்தார். அமிலம் பட்டு விரல் நுனிகள் எப்போதும் மஞ்சளாக இருக்கும். சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் சாமி இல்லை என்று யாரோடும் வாதாடவும் மாட்டார். தெரியாத ஒருவரைப் பற்றிக் கேட்டால் சொல்வதுபோல, "எனக்குப் பழக்கம் இல்ல" என்று முடித்துக்கொள்வார்.

டாக்டர் கொடுத்த மாத்திரை தம்பியைத் தூங்கவைத்தது. வலிப்பை நிறுத்தவில்லை. சோறு உண்ணும்போது, சட்டை மாட்டும்போது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் செருகும், உடம்பு வெட்டும். அது அடங்கிய பிறகு அவன் தூங்கிவிடுவான். நாங்கள்தான் விழித்துக்கொண்டிருப்போம். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் எதையும் முழுதாகச் செய்து முடித்ததாக எனக்கு நினைவில்லை. அம்மா பாதி மாவு அரைத்து வைத்திருப்பாள். அப்பா பாதி முகம் மழித்திருப்பார்.

கேள்விப்பட்டவர்கள் எல்லோரிடமும் ஒரு வழி இருந்தது. அடுத்த வீட்டு மலையாளத்து அக்கா, "பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்ஙா உடைச்சா மதி சேச்சி, அது போதும், எல்லாம் மாறும்" என்றாள். கீழ்க்கடைக் கணக்கப்பிள்ளை தர்காவிலிருந்து ஓதிய தண்ணீர் கொண்டுவந்து தந்தார். யாரோ மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார்கள். ஊரிலிருந்து பெரியம்மா முத்தாரம்மன் கோயில் கயிறு அனுப்பினாள். அம்மா ஒன்றையும் விடவில்லை. தம்பியின் இரண்டு மணிக்கட்டிலும் கயிறுகள் ஏறின. வாரத்தில் பாதி நாள் அம்மா பட்டினி கிடந்தாள்.

ஒருநாள் காலையில் அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "இத்தனையும் ஒண்ணாச் செய்தா, எது கேட்டுதுன்னு எப்படித் தெரியும்? ஒண்ணொண்ணாச் செய்வோம்."

கேலி செய்கிறாரோ என்று அம்மா அவரைப் பார்த்தாள். அவர் கேலி செய்யவில்லை. கல்லூரியில் பிள்ளைகளுக்குப் பெயர் தெரியாத உப்பைக் கொடுத்து, அது எதுவென்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஒரு நேரத்தில் ஒரு திரவத்தைத்தான் விட்டுப் பார்க்கவேண்டும். எல்லாவற்றையும் ஊற்றிக் கலக்கினால் ஒன்றும் விளங்காது. அதே முறை என்றார். ஒரு சாமிக்கு ஒரு மாதம். அந்த மாதத்தில் வேறு சாமி கூடாது.

"மாத்திரை?" என்று அம்மா கேட்டாள்.

"அது எப்பவும் உண்டு. அதுல கை வைக்கப்பிடாது."

"மனசுக்குள்ள கும்பிடுததையும் நிறுத்தணுமா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "நிறுத்தினா நல்லதுதான்."

அம்மா சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. ஆனால் அதிலும் களைப்புதான் இருந்தது.

எனக்கோ பெருமை பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனை மலையாளத்தில் நடக்கும். அதில் எந்தச் சாமியைக் கூப்பிடுகிறார்கள் என்பது நிச்சயமில்லாததால், பிள்ளையார் மாதத்தில் நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றேன். டீச்சர் காதைத் திருகினாள். ஆராய்ச்சிக்காக அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பிள்ளையார் மாதத்தில் வலிப்பு முன்போலவே வந்தது. மாதா மாதத்தில் ஒருபடி கூடியது. தர்கா மாதத்தில் சட்டென்று குறைந்தது. அம்மாவின் முகம் தெளிந்தது; தலையில் பூ வைத்துக்கொண்டாள். அப்பா மட்டும், "இன்னொரு மாசம் பாக்கணும்" என்றார். பார்த்தோம். அந்த மாதம் வலிப்பு பழையபடி வந்தது.

"நீங்க நம்பாம சோதிச்சியள்லா, அதான்" என்று அம்மா அழுதாள்.

"சரி, நம்பிக்கையும் வேணும்னு வச்சுக்கிடுவோம். அதை எதை வச்சு அளக்க?" என்று அப்பா உண்மையாகவே கேட்டார்.

அப்போதுதான் அம்மா சொன்னாள். எந்தச் சாமியின் மாதமானாலும் சரி, ஊர் முத்தாரம்மனைக் கூப்பிடாமல் அவள் ஒரு நாளும் அடுப்புப் பற்றவைத்ததில்லையாம்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ இவ்வளவு நாளும் பாத்தது ஒண்ணும் செல்லாது."

"பெத்தவ மனசுக்குப் பூட்டுப் போட முடியுமா? நீங்க போட்டுக் காட்டுங்க, பாப்போம்" என்றாள் அம்மா. அதோடு ஆராய்ச்சி நின்றது. கயிறுகள் திரும்ப வந்தன.

ஓணத்துக்கு முந்தைய வாரம் என்று நினைக்கிறேன். அப்பா எங்கள் இருவரையும் சாலைக் கடைத்தெருவுக்குத் துணி எடுக்கக் கூட்டிப்போனார். நல்ல கூட்டம். ஒரு கைவண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கிய இடத்தில் தம்பி விழுந்தான். முன்னே போனவர்கள் திரும்பி வந்தார்கள். யாரோ, "காற்று விடு, காற்று விடு" என்று கத்தினார்கள். மூட்டை சுமக்கிற ஒருவர் தலைச்சுமையை அப்படியே கீழே போட்டுவிட்டு, "தாக்கோல் உண்டோ, தாக்கோல்?" என்று கடை கடையாகக் கேட்டு ஒரு சாவிக்கொத்தை வாங்கிவந்தார். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. அது வீண்பேச்சு என்று அப்பா வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அன்று அப்பா அந்தச் சாவிக்கொத்தை வாங்கி, தம்பியின் உள்ளங்கையில் வைத்து, வெட்டிக்கொண்டிருந்த விரல்களைத் தன் மஞ்சள் விரல்களால் மூடிப் பிடித்துக்கொண்டார். அவருடைய உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

வலிப்பு அடங்கியது. எப்போதும் அடங்குகிற நேரத்தில்தான் அடங்கியது. தூங்கிப்போன தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, துணி எடுக்காமலே திரும்பி நடந்தோம்.

"இரும்பு வேலை செய்யுமாப்பா?"

"செய்யாது மக்கா."

"பின்ன எதுக்கு வச்சிய?"

அவர் தம்பியை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "எனக்குப் பிடிச்சுக்கிட ஏதாவது வேண்டியிருந்துது."

"வாய்க்குள்ள என்னமோ சொன்னியளே?"

"யாரையோ கூப்பிட்டேன். யாருன்னு எனக்கே தெரியல்ல." கொஞ்ச தூரம் போன பிறகு, என்னிடம் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார்: "நான் கேட்ட கேள்விதான் தப்போ என்னவோ."

அடுத்த வாரம் அப்பா காலையில் கல்லூரிக்குப் போகும்முன் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். பஸ் ஏறுகிற இடத்துக்குப் பக்கம் என்பதைத் தவிர அந்தப் பிள்ளையாரைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. தேங்காய் உடைக்கவில்லை. எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொன்னார்.

"பின்ன அங்க போய் என்ன செய்யுதிய?"

"நிக்கேன்."

ஒரு வாரம் போனார். மறு வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் மறுபடியும் போனார். மறுபடியும் ஆராய்ச்சி என்று எனக்குக் குஷியாகிவிட்டது. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோயிலுக்குப் போன வாரத்துக்கும் போகாத வாரத்துக்கும் அவனிடத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அப்பாவிடம் சொன்னேன்.

"அவனைப் பாக்காதே. இது அவனைப் பத்தினது இல்ல" என்றார்.

வேறு யாரைப் பற்றியது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சில நாட்களில் சட்டை இஸ்திரி போடவில்லை என்று அப்பா கத்துவார்; தம்பிக்கு வந்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடிப்படியில் போய் நிற்பார். வேறு சில நாட்களில் அவனுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, அடங்கும்வரை உட்கார்ந்திருந்து, வாயைத் துடைத்துவிட்டு, ஈரமான கால்சட்டையை அவரே மாற்றிவிடுவார். பெரியவர்கள் அப்படித்தான், ஒரு நாள்போல ஒரு நாள் இருக்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "இது போகாத வாரம்" என்று தனக்குத்தானே முணுமுணுப்பாள்.

பின்னாளில் வேறு டாக்டர் வந்தார், வேறு மாத்திரை வந்தது. தம்பி வளர வளர வலிப்பும் விட்டு விட்டு வந்து, ஒருவழியாக நின்றது. எதனால் நின்றது என்று கேட்டால் அம்மா எல்லாச் சாமிகளின் பெயரையும் சொல்வாள். அப்பா தெரியாது என்பார்.

அதெல்லாம் வெகு காலம் கழித்து. நான் சொல்லவந்தது அந்த வருடம் ஐப்பசியில், துலா மழைக் காலத்தில் ஒரு காலை. அது போகாத வாரம். முந்தின நாள் தம்பிக்கு இருமுறை வந்திருந்தது. அப்பா குளித்துவிட்டு நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு நின்றார். அவர் நெற்றியில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

"கோயிலுக்கா?" என்றாள் அம்மா. "இது போகாத வாரமில்லா?"

"இனிமே விட்டு விட்டுப் பாக்கண்டாம்னு இருக்கு."

"ஏன், முடிவு தெரிஞ்சிட்டுதா?"

அப்பா குடையை எடுத்தார். "இல்ல. போகாத வாரத்தைத் தாங்க முடியல்ல."

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவர் படியிறங்கி மழைக்குள் போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஏன் அப்படியொரு நிம்மதி என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்த ஆராய்ச்சியை அப்பா பாதியில் போட்டுவிட்டாரே, மற்ற அப்பாக்களைப்போல அவரும் திருநீறு பூசிக்கொண்டு போகிறாரே என்று. அப்பா தோற்றுப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு, அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே அன்று நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.