உச்சம் தெரியாத நட்சத்திரம்

ஊரடங்கு அறிவித்த வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டார்கள். நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தக்கலையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். முனைவர் பட்டத்துக்குக் கடைசி வருடம். வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை வைத்துத் தூரம் அளப்பது என் வேலை. சூப்பர்நோவாக்களில் ஒரு வகை உண்டு. மூன்று வாரம்போல ஒளி ஏறி, உச்சம் தொட்டு, பிறகு மங்கும். மெதுவாக மங்குவது உண்மையிலேயே பிரகாசம் கூடியது, சீக்கிரம் மங்குவது குறைந்தது. நாள்வாரியாக அளந்த புள்ளிகளின் மேல் பொருந்துகிற ஒளிவளைவைக் கண்டுபிடித்தால் நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரியும். அது நம் கண்ணுக்கு எவ்வளவு மங்கலாக வந்து சேர்கிறது என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிடலாம்.

அக்கா அப்போது பக்கத்திலுள்ள நெய்யூர் மருத்துவமனையில் நர்ஸ். கொரோனா வார்டில் வேலை. அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்ததால் அவள் மாடியறைக்குக் குடிபெயர்ந்திருந்தாள். எனக்கும் மாடியில் மட்டும்தான் இணையம் கிடைக்கும். வராந்தாவின் ஒரு கோடியில் நான், மறு கோடியில் முகக்கவசத்தோடு அவள். அம்மா படிக்கட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தனித்தனித் தட்டுகளில் வைத்துவிட்டுக் கீழிருந்து குரல் கொடுப்பாள்.

காலை ஷிப்ட் முடிந்து வந்து குளித்ததும் அக்கா பால் சேர்க்காத கட்டஞ்சாயாவோடு உட்கார்ந்து, வார்டில் விசாரிப்பதுபோலவே கேட்பாள். "ஏட்டி, உனக்க நட்சத்திரத்துக்கு இன்னைக்கு எப்பிடி இருக்கு?"

சில நாள் அவள் கன்னத்தில் கவசத்தின் தழும்பு சிவந்து கிடக்கும். அந்த நாட்களில் வார்டைப் பற்றி அவள் எதுவும் சொல்வதில்லை. நானாகவே என் வேலையைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன்.

ஒரு நட்சத்திரம் மட்டும் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அது இருக்கும் விண்மீன் மண்டலம் நம்மைவிட்டு விலகிச் செல்லும் வேகத்தைப் பார்த்தால் அது வெகுதூரத்தில் இருக்க வேண்டும். என் ஒளிவளைவோ அதைச் சீக்கிரம் மங்குகிற, பிரகாசம் குறைந்த வகையென்று காட்டிப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. இடையில் தூசு இருக்குமோ என்று பார்த்தேன். தூசு இருந்தால் ஒளி சிவந்து மங்கும், தூரம் கூடுதலாகத் தோன்றும். இங்கே தலைகீழாக இருந்தது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டபின் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அன்று அக்கா தன் கோடியிலிருந்தே திரையைப் பார்த்தாள். அங்கிருந்து எண்கள் தெரியாது, கோட்டின் வடிவம் மட்டும்தான் தெரியும். ஏறுகிற பக்கத்தில் ஏன் ஒரு புள்ளிகூட இல்லை என்று கேட்டாள். கண்டுபிடித்த அன்றிலிருந்துதான் அளவு இருக்கிறது, அதற்கு முந்தின நாளை உச்சமென்று கணினி எடுத்துக்கொண்டது என்றேன்.

"காய்ச்சல் எறங்குத நேரத்துல வந்த ஆளுக்கு, நேத்துதான் கூடுதலா இருந்துதுன்னு நான் சார்ட்டுல எழுத முடியுமாட்டி? வீட்டுல உள்ளவங்ககிட்ட கேட்டுதான் எழுதணும்."

நான் வளைவை மறுபடி பார்த்தேன். உச்சம் தொட்ட முதல் சில நாட்களில் ஒளி மெதுவாகத்தான் இறங்கும்; ஒரு வாரம் போனபின்தான் சரிவு வேகம் பிடிக்கும். உச்சம் கணினி எடுத்துக்கொண்ட நாளுக்கும் ஒரு வாரம் முன்பே முடிந்திருந்தால், நான் வேகமான சரிவு என்று எடுத்துக்கொண்டது சாதாரணச் சரிவுதான். அப்படியானால் அது பிரகாசமான நட்சத்திரம்; தூரமும் கூடும்.

கேட்பதற்கு வீட்டில் உள்ளவர்கள் யார்? கண்டுபிடிப்பதற்கு முந்தைய நாட்களில் வானத்தின் அந்தப் பகுதியை வேறு யாராவது தற்செயலாகப் படமெடுத்திருக்க வேண்டும். நாலைந்து குழுக்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு சிறிய தொலைநோக்கிக் குழுவிலிருந்து மூன்று படங்கள் வந்தன. மூன்றிலும் அந்த நட்சத்திரம் இருந்தது, ஒன்றைவிட ஒன்று பிரகாசமாக. புதிய வளைவில் தூரம் கூடியது. முழுதாகப் பொருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டியலில் தங்கிவிட்டது.

அக்காவிடம் சொன்னபோது அவள் பாதித் தூக்கத்தில் இருந்தாள். "அப்பம் ஆளு தேறிட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

மறுவருடம் அவள் குவைத்துக்குப் போனாள், நான் பெங்களூருக்கு. இப்போது உச்சம் தெரியாத நட்சத்திரங்களை மென்பொருளே தனியாக ஒதுக்கி வைத்துவிடுகிறது. யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. உலகமே பயந்து கிடந்த மாதங்களை நினைத்து ஏங்குகிறேன் என்று வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதன்பிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் சேர்ந்து இருந்ததில்லை.