எந்த ஊர் என்று நானும் கேட்டேன்

போன வருடம் ஜூன் மாதம். ஒஸ்லோவில் நான் இருக்கும் ஹவுகன்ஸ்டுவாவுக்குக் கிட்ட உள்ள ஒரு முதியோர் நிலையத்தில் இது நடந்தது. எனக்கு வயது எழுபத்தெட்டு. யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் சரித்திரம் படிப்பித்தவன். இங்கே வந்த பிறகு எத்தனையோ வேலைகள் செய்து ஓய்வு பெற்றாலும் எங்கள் ஆட்கள் என்னை இன்றைக்கும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். அளவுக்கு மிஞ்சியே பிடித்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அந்த நிலையத்தில் மாதத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் தன் மக்களுடைய வரலாற்றைச் சொல்ல வேண்டும். கோப்பியும் வாஃபிளும் கொடுப்பார்கள். சிலி நாட்டுக்காரர் சொன்னார், வியட்நாம்காரி சொன்னார். ஜூன் மாதம் இத்தாலியரின் முறை. எங்கள் கட்டடத்தில் எனக்கு இரண்டு மாடி கீழே ஓர் இத்தாலியர் இருக்கிறார். நாற்பது வருடம் வீடுகளுக்குத் தரைக்கல் பதித்தவர். நோர்வேக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். அவர் ஒருநாள் என் கதவைத் தட்டி, தனக்குத் தன் அம்மா அப்பாவுக்கு முந்திய கதை ஒன்றும் தெரியாது, பழைய காலத்தை நான் சொன்னால் புதிய காலத்தைத் தான் சொல்வதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். ஓர் இத்தாலியரே என்னிடம் வந்து தன் நாட்டுச் சரித்திரத்தைக் கேட்கிறாரே!

நூலகத்தில் இருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து மூன்று கிழமை படித்தேன். அந்த மூன்று கிழமைக்குள்தான் அந்தத் தொலைபேசி அழைப்பும் வந்தது.

என் மகனுக்கு ஸ்டோவ்னரில் வீடு இருக்கிறது. மேலே அவன் குடும்பம். கீழ்வீட்டை வாடகைக்குக் கொடுப்பான். "அப்பா, நீங்கள் சும்மாதானே இருக்கிறியள். வாற போனை எடுத்துக் கதையுங்கோ" என்று விளம்பரத்தில் என் இலக்கத்தைப் போட்டிருந்தான். ஒரு பின்னேரம் ஒரு பெண் அழைத்தார். முப்பத்தைந்து வயது இருக்கும் என்று குரலில் தெரிந்தது.

"ஐயா, கீழ்வீடு இன்னும் இருக்கோ?"

"ஓம் பிள்ளை, இருக்கு. எத்தினை பேர்?"

"நானும் மகளும் மட்டும்தான். இப்ப இருக்கிற வீட்டை வீட்டுக்காரர் விக்கப் போகினம். யூலை முடியிறதுக்கிடையிலை விட வேணும்."

மகளுக்குப் பத்து வயது. வீட்டில் வாய் ஓயாது. பள்ளிக்கூடத்தில் மட்டும் இரண்டு வருடமாக ஒரு சொல்லும் பேசாமல் இருந்தாளாம். வைத்தியரிடம் எல்லாம் காட்டியிருக்கிறார்கள். "இந்த வருசம்தான் ஐயா ரீச்சரோடை கதைக்கத் தொடங்கினவள். பள்ளிக்கூடம் மாறினால் திரும்பவும் முதலிலை இருந்து. அதாலைதான் இந்தப் பக்கமே பாக்கிறன். எப்ப விஸ்னிங்குக்கு வரலாம்?" வீடு பார்க்க வருவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

சனிக்கிழமை வரச் சொன்னேன். போனை வைத்திருக்கலாம். ஆனால் வாய் தானாகக் கேட்டது.

"அது சரி, பிள்ளை எந்த ஊர்?"

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் யாரையும் நீ என்ன சாதி என்று கேட்பதில்லை. அது நாகரிகம் இல்லையாம். ஊரைக் கேட்போம். ஊருக்குள் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று கேட்போம். படித்த பள்ளிக்கூடத்தைக் கேட்போம். கடைசியாகத் தகப்பன் என்ன செய்தவர் என்று கேட்போம். அதற்குள் எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். இதற்கு 'விசாரிக்கிறது' என்று பெயர். கல்யாணத்துக்கு மட்டும்தான் விசாரிக்கிறோம் என்று சொல்லிக்கொள்வோம். வீட்டுக்கும் விசாரிப்போம்.

நாலையும் கேட்டேன். நாலாவது கேள்வி தகப்பனின் தொழில். அதற்கும் அந்தப் பெண் உள்ளதைச் சொன்னார். ஒளிக்கவில்லை.

"பொறு பிள்ளை, மகன் ஆருக்கோ சொல்லி வைச்சவர் போலை கிடக்கு. கேட்டுப்போட்டு எடுக்கிறன்" என்றேன். மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்தேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப அழைத்து, "வீடு குடுத்தாச்சாம் பிள்ளை" என்றேன்.

"அப்பிடியோ ஐயா. பரவாயில்லை" என்றார்.

மகனிடம், போனில் கதைத்த பெண்ணுக்கு வீடு சின்னதாம், இடம் காணாதாம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் உரோமப் பேரரசுக்குள் போய்விட்டேன். வெட்கப்பட்டு எழுதுகிறேன், அன்று எனக்கு மனம் உறுத்தவே இல்லை. இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

பேச்சு நாள் வந்தது. ஐம்பது பேர் அளவில் இருந்தார்கள். தமிழர் ஏழெட்டுப் பேர். முன்வரிசையில் என் பழைய நண்பர், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் போய் நின்றேன்.

என் நோர்வே மொழி அவ்வளவு சுத்தம் இல்லை. ஆனாலும் அன்று நன்றாகப் பேசினேன். வடக்கே எத்ருஸ்கர், தெற்குக் கரையில் கிரேக்கர், நடுவில் ஆடு மாடு மேய்த்த இலத்தீனியர் என்று தொடங்கினேன். இத்தாலியர் என்று ஓர் இனம் பிறக்கவில்லை, பல சனம் சேர்ந்து சேர்ந்து அப்படி ஆனது என்றேன். உரோமுக்காகச் சண்டை பிடித்த மற்ற ஊர்க்காரர்கள் எங்களுக்கும் குடியுரிமை தா என்று உரோமோடேயே போர் செய்ததையும், போரில் தோற்றும் கேட்டதைப் பெற்றதையும் சொன்னேன். பின்னாளில் பேரரசில் இருந்த, அடிமை அல்லாத எல்லோரும் உரோமராக்கப்பட்டதைச் சொன்னேன். அந்த இடத்தில் குரலை உயர்த்தினேன்.

"உரோமின் பெருமை அதன் படையில் இல்லை. நீ எங்கே பிறந்தவன் என்று கேட்பதை நிறுத்தியதில் இருக்கிறது!"

கை தட்டினார்கள். அந்த வசனத்தை நான் வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியிருந்தேன். அதன் பிறகு கோத்தியரும் லொம்பார்டியரும் வந்தது, நாடு துண்டு துண்டானது, வெனிஸும் புளோரன்ஸும் பணத்தாலும் ஓவியத்தாலும் எழும்பியது, பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் ஆஸ்திரியரும் மாறி மாறி ஆண்டது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எல்லாம் ஒரே நாடானது என்று முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

இத்தாலியர் எழும்பினார். கையில் ஒரு தாளும் இல்லை.

"மாஸ்டர் இத்தாலியை ஒன்றாக்கிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். ஒன்றான பிறகு நடந்ததை நான் சொல்கிறேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அவர் பிறந்தது நாட்டின் தெற்கு நுனியில், காலணி போன்ற அந்த வரைபடத்தின் விரல் பக்கம். உலகப் போருக்குப் பிறகு அங்கே சாப்பாட்டுக்கு வழியில்லை. அவருக்கு எட்டு வயதாக இருக்கும்போது அப்பாவுக்கு வடக்கே டூரினில், கார்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போனார்கள். ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே மாதாகோயில். ஆனால் வீடுகளின் வாசலில், 'தெற்கத்தியாருக்கு வாடகைக்கு இல்லை' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்களாம்.

"அட்டை தொங்கவிடாத வீட்டுக்காரர்கள் மரியாதையானவர்கள்" என்றார் அவர். "அவர்கள் அம்மாவிடம் எந்த ஊர் என்று மட்டும் கேட்பார்கள். அம்மா சொல்வா. உடனே, ஐயோ, இப்போதுதான் கொடுத்தோம் என்பார்கள்."

கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

டிராம் நண்பர் என் பக்கம் சாய்ந்து, "கேட்டியளே மாஸ்டர், இவையளும் எங்கடை ஆக்கள்தான்! ஊரைக் கேட்டுத்தான் கதவைத் திறக்கிறவை!" என்று சிரித்தார். பகிடிக்குத்தான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்?

இத்தாலியர் தொடர்ந்தார். கடைசியில் அம்மா வேறு ஊரின் பெயரைச் சொல்லி ஓர் அறை எடுத்தா. பிள்ளைகள் வாய் திறந்தால் பேச்சிலேயே தெற்கு என்று தெரிந்துவிடும். அதனால் படிக்கட்டிலும் முற்றத்திலும் பேசக் கூடாது என்று சொல்லி வைத்தா. "நான் சொல்வழி கேட்கிற பிள்ளை. பள்ளிக்கூடத்திலும் பேசவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. ஆசிரியை நான் ஊமை என்று நினைத்தா." அதைச் சொல்லிவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போவதுபோல, பிறகு தரைக்கல் பதிக்கப் பழகியதைச் சொல்லத் தொடங்கினார்.

எனக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பேசாத ஒரு பிள்ளையைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. தாயே சொன்னார். கேட்டு, விளங்கி, உச்சுக்கொட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஊரைக் கேட்டேன். அவரிடம் பொய் சொன்ன இந்த வாயால்தான், எங்கே பிறந்தவன் என்று கேட்காததை ஐம்பது பேருக்கு முன்னால் புகழ்ந்தேன்.

கூட்டம் கலைய முந்தி வெளியே வந்து, வாசலில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து, போனில் அந்த இலக்கத்தைத் தேடி எடுத்தேன்.

"பிள்ளை, நான்தான்... ஸ்டோவ்னர் கீழ்வீட்டுக்காரர். வீடு இன்னும் இருக்கு."

"தெரியும் ஐயா. விளம்பரம் இன்னும் இன்ரநெற்றிலை கிடக்குது. ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்."

நான் பொய் சொன்னதையும் ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"ஏன் எண்டும் தெரியும் ஐயா" என்றார். குரலில் கோபம் இல்லை. "வேறை ஊரைச் சொல்லியிருக்கலாம். எங்கடை சனம் கனபேர் அப்பிடித்தான் சொல்லுறவை. ஆனால் மகள் பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டவள். அவளுக்கு முன்னாலை எப்பிடி என்ரை அப்பாவை மறைக்கிறது?"

நாளைக்கே வந்து இருங்கோ, நான் மகனிடம் சொல்கிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"இல்லை ஐயா. முந்தநாள் ஸ்ட்ரோம்மன் பக்கம் ஒரு வீட்டுக்குக் கையெழுத்து வைச்சிட்டன். நோர்வே ஆக்களின்ரை வீடு."

"அப்ப பிள்ளையின்ரை பள்ளிக்கூடம்?"

"மாறத்தான் வேணும்." "வைக்கிறன் ஐயா. வேலைக்குப் போக வேணும்."

அன்று பின்னேரமே மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். அவன் நாற்காலியை இழுத்து என் முன்னால் இருந்தான்.

"வீடு என்ரை பேரிலை இருக்கு அப்பா. அந்தப் பிள்ளையைப் பொறுத்தளவிலை நான்தான் வேண்டாம் எண்டனான். பத்து வயசுப் பிள்ளைக்கு உங்களையும் என்னையும் பிரிச்சே தெரியும்?"

அடுத்த நாள் விளம்பரத்தில் என் இலக்கத்தை எடுத்துவிட்டான். இப்போது கீழ்வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. கண்டால் வணக்கம் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

இத்தாலியரிடமும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. "அந்தப் பிள்ளை இப்போது பேசுகிறதா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். மூவாயிரம் வருடச் சரித்திரத்தை ஒரு மணித்தியாலத்தில் சொல்லத் தெரிந்த எனக்கு, ஸ்ட்ரோம்மனில் ஒரு வகுப்பறையில் ஒரு சிறுமி வாய் திறந்தாளா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. அதை அந்தத் தாயிடம் எடுத்துக் கேட்கும் தகுதியை நானே இல்லாமல் செய்துகொண்டேன் என்ற நினைப்போடுதான் மிச்ச நாட்களை வாழ வேண்டியிருக்கிறது.