ஸ்டெல்லா மிஸியும் என் முடி மாத்திரையும்

தைராய்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டிய மாதம் இது. எனக்கு எப்போதும் ரத்தம் எடுக்கும் நர்ஸ், எங்கள் ஸ்டெல்லா மிஸி, எந்த நாள் வேலையில் இருப்பார் என்று கேட்கத்தான் பிரிக்பீல்ட்ஸில் உள்ள அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்தேன். கவுண்டரில் இருந்த பெண் தயங்கினாள். "ஆன்டி, உங்களுக்குத் தெரியாதா? ஸ்டெல்லா மிஸி சனிக்கிழமை தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக்." "அப்போ யாரும்மா எனக்கு ரத்தம் எடுப்பாங்க?" என்றேன். வாயில் வந்த முதல் பேச்சு அதுதான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவரிடம் கை நீட்டியவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஊசி ஏறுவதே தெரியாது. நரம்பைத் தேடும்போது மட்டும் வாய் ஓயாது. "தண்ணி குடிக்காம வந்தா நரம்பு எப்படிம்மா எந்திரிக்கும்? அதுக்கும் தூக்கம் வரும்லா" என்பார். ரயில்வே குடும்பத்துப் பெண், நேரம் தவறக்கூடாது. நான் கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் பிடிக்க வேண்டும் என்பதால் வரிசையில் முன்னால் தள்ளிவிடுவார். மற்றவர்கள் முறைத்தால் அவரும் முறைப்பார்.

ஆறு வருடத்துக்கு முன் நான் நானாகவே இல்லை. லோரி கம்பெனியில் கிராணி வேலை, எந்த லோரி எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் குமாஸ்தா. கேரி தீவுக்குப் போக வேண்டிய லோரியை ஸ்ரீ கெம்பாங்கானுக்கு அனுப்பிவிட்டேன், அதுவும் ஒரே மாதத்தில் இரண்டு தடவை. முகம் வீங்கியது, முடி கொட்டியது, படி ஏறினால் அழுகை வந்தது. எல்லாம் தைராய்டு குறைந்தவர்களுக்கு வருவது; ரத்த ரிப்போர்ட்டோ நேர்மாறாகச் சொன்னது. டிஎஸ்எச் மிகவும் குறைவு, தைராய்டு மாத்திரை அதிகமாகிவிட்டது என்று டாக்டர் இரண்டு முறை அளவைக் குறைத்தார். குறைக்கக் குறைக்க நான் இன்னும் மந்தமானேன். சோம்பேறி என்று ஆபீசில் பேசியது என் காதிலும் விழுந்தது. ராஜினாமாக் கடிதத்தை டைப் செய்து கைப்பையில் வைத்துக்கொண்டுதான் மூன்றாம் முறை ரத்தம் கொடுக்கப் போனேன்.

மிஸி என் கையில் இருந்த பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"டிஎஸ்எச்ன்னா மூளை போடுற சத்தம்மா. தைராய்டு தூங்குனா சத்தம் கூடும், மாத்திரை மிஞ்சிப்போனா அடங்கிடும். இந்த நம்பருக்கு நீங்க மெலிஞ்சு, வேர்த்து, படபடன்னு இருக்கணும். நீங்க என்னாடான்னா ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. வேற என்னா சாப்பிடுறீங்க?"

"ஒன்னும் இல்ல மிஸி."

"மருந்து மட்டும் கேக்கல. வாயில போடுறது எல்லாம் சொல்லுங்க."

சொன்னேன். என் அண்ணி டைரக்ட் சேல்ஸில் விற்கும் முடி மாத்திரை. தினமும் இரண்டு. டாக்டரிடம் சொல்லவில்லை. வைட்டமின்தானே, மருந்தா என்ன? அதோடு, அண்ணி பேச்சைக் கேட்டு வாங்கினேன் என்று சொல்ல மானம் வேறு இடம் கொடுக்கவில்லை. போனில் இருந்த டப்பாவின் படத்தைக் காட்டினேன். பெரிய எழுத்தில் பயோட்டின் என்றிருந்தது.

"அட மாதாவே! இது ஒடம்புல நெறைய இருந்தா சில மெஷின் ஏமாந்துடும்மா. நம்பர் பொய்யா வரும். இன்னைக்கு நான் ரத்தம் எடுக்க மாட்டேன். மொதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"அவரு ஏசுவாரு மிஸி."

"அப்போ நானே சொல்றேன்." அங்கேயே போனை எடுத்துவிட்டார்.

அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து எடுக்கச் சொன்னார் டாக்டர். இந்தத் தடவை டிஎஸ்எச் கூரையைத் தொட்டிருந்தது. பழைய அளவு திரும்ப வந்தது. மூன்று நான்கு மாதத்தில் நானும் திரும்ப வந்தேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அண்ணி மட்டும் அடுத்த தீபாவளி வரை என்னோடு பேசவில்லை.

நேற்று மிஸி வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தேன். அவர் கணவரிடம் என் பெயரைச் சொன்னதும், "முடி மாத்திரை விமலாவா?" என்று கேட்டார். அவ்வளவு துக்கத்திலும் சிரித்துவிட்டார். பிறகுதான் சொன்னார். ரத்தம் எடுக்கிறவள் எனக்கே பாடம் எடுக்கிறாளா என்று டாக்டர் அப்போதே கூடத்து மேனேஜரிடம் புகார் செய்தாராம். மிஸிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

"வீட்டுக்கு வந்து ஒரே அழுகைம்மா. பேசாம இருந்திருக்கலாம்லன்னு கேட்டேன். நம்பர மட்டும் பார்த்தா போதுமா, மொகத்த பார்க்க வேணாமான்னு என்னயே திருப்பிக் கேட்டா."

அதற்குப் பிறகு ஆறு வருடம் மிஸி என் கையைப் பிடித்திருக்கிறார். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் பெரிய மனுஷி மாதிரி, "வலிக்கவே இல்ல மிஸி" என்று பாராட்டிவிட்டு ரயிலுக்கு ஓடியிருக்கிறேன்.

நான் இன்னும் வேலைக்குப் போகிறேன் மிஸி. எனக்காக நீங்கள் வாங்கிய அந்த ஏச்சு இனி என்னிடம் இருக்கட்டும்.