எந்த ரோலர் கோஸ்டரில் ஏறுவீர்கள்?

மனுரேவா கிடங்கில் வேலை முடிந்து ரயிலில் ஏறினால் எனக்குக் கண் சொருகிவிடும். மாதக்கணக்காக என்னோடு சரியாகக் கதைக்காத மகள், அன்று பக்கத்தில் இருந்து மர ரோலர் கோஸ்டர் கட்டும் இரண்டு கொம்பனிகளை ஒப்பிட்டுக்கொண்டு வந்தாள். ஒன்று கட்டுவது மேடுகளில் ஆளைச் சீட்டிலிருந்து தூக்குமாம். மற்றது கட்டுவது தாழ்வாக ஓடி, வளைவுகளில் உலுக்குமாம். நான் "ஓம், ஓம்" என்றேன்.

"சும்மா ஓம் போடாதேங்கோ அம்மா. நீங்கள் எதில ஏறுவீங்கள்?"

"உலுக்கிறதில. தூக்கினால் பிறகு கீழ போடுவினம். வேலையில பார்த்திட்டன்."

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப கேட்டுக்கொண்டுதான் வந்தனீங்களோ?"

அந்தச் சிரிப்பில் பாபடோயிட்டோயில் இறங்க மறந்துவிட்டோம். திரும்பும் ரயிலுக்குக் காத்து நின்றபோது மூன்றாவது கொம்பனியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். எனக்குக் கால் உளைந்தது. களைத்த காதும் பிள்ளைக்குப் போதும் என்று அன்றுதான் விளங்கியது.